கழுவாத கத்தி

மாமனாருக்குச் சவரம் செய்துவிடுவது சிவசக்தியின் ஞாயிற்றுக்கிழமை வேலை. தெமோதரைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் ஆலையில் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தவர் இராமையா. ஒருநாள்கூடத் தாடியோடு வேலைக்குப் போனதில்லை. மடக்குகிற சவரக்கத்திதான் அவருக்கு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் ரேசரைக் கையால் தொடமாட்டார்.

கொஞ்ச காலமாக அவருக்கு நினைவு தப்பிக்கொண்டு வந்தது. சாப்பிட்டதை மறந்தார். நாலு வயதுப் பேத்தி ஆர்த்திகாவை, கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்கும் மகன் யோகராஜ் என்று நினைத்துக்கொண்டு "யோகு, யோகு" என்று கூப்பிட்டார். கத்தியைச் சுத்தம் செய்கிற முறை மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை. ஓடுகிற தண்ணீரில் அலகை மட்டும் காட்டுவார். மடக்கும் ஆணிப் பக்கம் ஈரம் போகவிடமாட்டார். பழைய பனியன் துணியால் முதுகுப் பக்கமிருந்து கூர்ப்பக்கமாகத் துடைப்பார். காற்றில் கொஞ்சம் காயவைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி மடக்குவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகம் பழைய இராமையாவின் முகமாக இருக்கும்.

"கூரான சாமான் எதையும் அவர் கைக்கு எட்டுற மாதிரி வைக்காதீங்க" என்று பதுளை ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். சிவசக்தி தலையாட்டினாள். ஆனாலும் அந்த ஒரு வேலையை மட்டும் பிடுங்க மனம் வரவில்லை. சவரம் முடிந்ததும் கத்தியை அவரிடம் கொடுத்து, துடைத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நிற்பாள். பிறகு வாங்கித் தகர டப்பாவில் போட்டு, கூரை விட்டத்தின் மேல் வைத்துவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடைசி இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. லயத்து வரிசை வீட்டின் முன்பக்கக் கொடியில் ஆர்த்திகாவின் பாலர் பாடசாலைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. சிவசக்தி கத்தியைச் சவர்க்கார நுரையோடு பேசின் விளிம்பில் வைத்துவிட்டு ஓடினாள். துணிகளை வாரிக்கொண்டு திரும்ப எவ்வளவு நேரமாகிவிடும்? வாரிக்கொண்டு பின்பக்கம் வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பின்புறத் தாழ்வாரத்துப் பலகையில் இராமையா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஆர்த்திகா. குழந்தையின் தலை நனைந்து முடி ஒட்டிக் கிடந்தது. அவருடைய இடது கை அவள் தாடையைப் பிடித்திருந்தது. வலது கையில் கத்தி. நெற்றிக்கு மேலே ஒரு கொத்து முடி ஏற்கனவே அறுந்து அவளுடைய சட்டையில் விழுந்திருந்தது.

"ஆடாத யோகு. மொட்டை போட்டுட்டுச் சாமி கும்பிடப் போவோம்."

குழந்தை கிச்சுக்கிச்சு மூட்டியதுபோலச் சிரித்தாள். சிரித்தபோது தலை ஆடியது. கத்தி அவள் காதுக்கு மேலே நடுங்கியது.

சிவசக்தியின் கைகளிலிருந்து துணிகள் நழுவின. கத்த வாயெடுத்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கத்தினால் அவர் திடுக்கிடுவார். பாய்ந்து பிடித்தாலோ, முதலில் திரும்புவது அந்தக் கைதான்.

"மாமா," என்றாள். "மொட்டை போட்டாச்சு மாமா. போதும்."

"எங்க போட்டாச்சு? பின்னாலெல்லாம் அப்பிடியே இருக்குல்ல."

கத்தி மறுபடியும் முடிக்குள் இறங்கியது. ஆர்த்திகா "தாத்தா, குளிருது" என்று நெளிந்தாள். அவர் பிடியை இறுக்கினார். அப்போதுதான் அலகின் மேல் காய்ந்துகொண்டிருந்த நுரையும், அதில் ஒட்டியிருந்த நரைமயிரும் சிவசக்தியின் கண்ணில் பட்டன.

"மாமா, கத்திய இன்னும் கழுவவே இல்லீங்களே. ஒங்க தாடி மயிரு அப்பிடியே ஒட்டியிருக்கு பாருங்க. அந்த அழுக்கோட பிள்ளை தலையில வைக்கலாமா?"

இராமையாவின் கை நின்றது. கத்தியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். முகம் சுளித்தது.

"யாரு இப்பிடி வச்சது?"

"நான்தான் மாமா. தப்புதான். குழாயில காட்டிட்டு வந்துருங்க, துரு ஏறிறப் போகுது."

"அறிவிருக்கா ஒனக்கு?" என்று திட்டிக்கொண்டே அவர் எழுந்தார். குழந்தை மடியிலிருந்து வழுகி இறங்கினாள். ஆனால் அம்மாவிடம் வராமல், விளையாட்டு முடிந்துவிட்ட ஏமாற்றத்தில் தாத்தாவின் இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள். அவர் குனிந்தபோது, விரிந்திருந்த கத்தி அவள் முகத்தின் உயரத்துக்கே வந்தது.

"ஆர்த்தி, திங்கப் பனிஸ் இருக்கு. அம்மாகிட்ட வாங்க."

குழந்தை யோசித்தாள். தாத்தாவைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்தாள். கைக்கு எட்டியதும் சிவசக்தி அவளை அள்ளி உள்ளே விட்டு, கதவை வெளியே கொண்டி போட்டாள். உள்ளேயிருந்து அழுகை கிளம்பியது.

இனி அந்தக் கத்தியை வாங்க வேண்டும். பக்கத்து வீட்டுக் காம்பராவில் துஷாந்தினி இருக்கிறாள், கூப்பிட்டால் வருவாள். ஆனால் இன்னொரு ஆளைக் கண்டால் அவர் என்ன செய்வாரோ? சிவசக்தி மழைச்சாரலில் அசையாமல் நின்றாள். அவர் அவசரப்படவில்லை. இரண்டு பக்கமும் கழுவினார். தண்ணீரை உதறினார். "துணி" என்று கை நீட்டினார். கொடுத்தாள். துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திருப்தியில்லாமல் மறுபடியும் துடைத்தார். உள்ளே குழந்தை கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

"யாரு அழுறது? யோகுவா?"

"பசி மாமா. நீங்க எண்ணெயப் போடுங்க."

எண்ணெய்ப் போத்தலை நீட்டினாள். அவர் ஒரு சொட்டு விட்டு, விரலால் மெல்லத் தடவி, கத்தியை மடக்கினார். பிறகு அதை அவளிடம் நீட்டினார்.

"பத்திரமா எடுத்து வையிம்மா. பிள்ளை கை படாத இடமாப் பாத்து."

கத்தி கைக்கு வந்த பிறகுதான் சிவசக்தி ஈரத்தரையிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் ஒன்றும் புரியாமல் அவள் தலையருகே நின்றார்.

கத்தியை அன்றைக்கே துஷாந்தினியிடம் கொடுத்துவிட்டாள். தொலைபேசியில் விஷயத்தைக் கேட்ட யோகராஜ் மறுநாளே ரயில் ஏறி வந்தான். வாசலில் நின்ற மகனை இராமையாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "வாங்க, ஆலையில இருந்தா வர்றீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். இனிமேல் அப்பாவைப் பதுளையில் தனக்குத் தெரிந்த ஷாமிலின் சலூனுக்குக் கூட்டிப்போவது என்றும், பண்டாரவளையிலேயே ஒரு வேலை பார்த்துக்கொண்டு தான் வீட்டோடு வந்துவிடுவது என்றும் யோகராஜ் முடிவு செய்தான்.

அன்று சாயங்காலம் ஆர்த்திகா தாத்தாவிடம் போய்ச் சாய்ந்துகொண்டாள். அவர் அவள் தலையைத் தடவக் கையைத் தூக்கினார். யோசிக்கும் முன்பே சிவசக்தி பாய்ந்து குழந்தையை இழுத்துவிட்டாள். வெறும் கை அந்தரத்தில் நின்றது. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாத முகத்தோடு அவர் கேட்டார்:

"ஏம்மா?"

குழந்தையை விட்டாள். அவர்கள் இருவருக்கும் பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில், உட்கார்ந்துகொண்டாள்.