மொர்வாலின் பதினொரு தானுந்துகள்

ஒன்ராறியோ ஏரியின்மேல் எழுந்த குளிர்காற்று, ரொறன்ரோ மாநகரின் வானளாவிய மாடங்களில் மோதிச் சிதறி, ரெக்ஸ்டேல் வட்டாரத்து அடுக்கு மனைகளின் சாளரந்தோறும் உறைபனி படிவித்துத் திரிந்த, தொண்ணூற்று நான்காம் ஆண்டின் மாசி மாதப் பிற்பகல் அது. நூல்நயம் தேர்ந்த வாசகரே, அவ்வேளை அங்கோர் நூலக மண்டபத்தில் கூடிய தமிழ் வாசகர் வட்டத்தார் நாற்பதின்மர் எழுப்பிய கையொலி, நவரட்ணம் என்பவர்க்குக் கோடையில் வாடிய பயிர்மேல் விழும் மழைபோல் இனித்தது.

பாரிசு நகரத்து உணவகமொன்றில் ஐந்தாண்டுகள் கலம் கழுவிப் பின்னர் இந்நாடு புகுந்தவர் அவர். பிரெஞ்சு மொழி தமக்குத் தண்ணீர்பட்ட பாடென்று வாசகர் வட்டத்தாரிடம் சொல்லியிருந்தார். அறிந்ததோ அடுக்களை ஏவற்சொற்கள் மட்டுமே. ஆயினும் பிரெஞ்சு நூலொன்றைக் கையிலேந்தி, லியோன் நகரத்து மிதிவண்டிக் கொட்டிலொன்றில் தோன்றி மூவாண்டில் மறைந்த மொர்வால் தானுந்து நிறுவனத்தின் வரலாற்றை அன்று உரைத்தார். படங்களையும் ஆண்டுகளையும் பற்றுக்கோடாகக் கொண்டு, விளங்காத பக்கங்களைக் கற்பனையால் நிரப்பி, பொறாமை கொண்ட பகைவர் தொழிற்சாலைக்குத் தீயிட, அதனை நிறுவிய மொர்வால் நெஞ்சுடைந்து மாண்டான் என்று அவர் முடித்தபோது, கண் கலங்காதார் சிலரே.

தேநீர் வேளையில் அன்ரனெற் என்னும் நங்கை அந்நூலைப் புரட்டினாள். மன்னாரில் பிறந்து பாரிசில் பள்ளி பயின்றவள் அவள்.

"அண்ணை, இதிலை நெருப்பெண்டு ஒண்டும் இல்லையே," என்றாள் தாழ்ந்த குரலில். "மொர்வாலின்ரை காரொண்டிலை பிறேக் பிழைச்சு ஒரு பிள்ளை செத்துப்போச்சு. பிழை என்ரைதான் எண்டு அந்த மனுசன் பேப்பரிலை எழுதி, வித்த பதினொரு காரையும் திருப்பி வாங்கித் தன்ரை கையாலையே உடைச்சிருக்கிறான்."

"பிறகேன் பிள்ளை, சபையிலை சொல்லேல்லை?"

"எல்லாரும் கை தட்டேக்கை எப்பிடியண்ணை?"

அவள் சினந்திருந்தால் தாங்கியிருப்பார். அந்த இரக்கமே அவரைச் சுட்டது. எங்கோ மண்ணாகிவிட்ட ஒருவனின் ஒரே பெருமையைத் தாம் களவாடினோம் என்னும் எண்ணம் முகத்தைக் கருக்க, நவரட்ணம் மீண்டும் மேடையேறினார்.

"ஒரு நிமிசம். நான் சொன்ன முடிவு பொய். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அது நானாக் கட்டினது."

வட்டத்தலைவர் சண்முகநாதன் பெருங்குரலில் நகைத்தார்.

"பாருங்கோ, ஒரு மணித்தியாலம் விளாசிப்போட்டு, வாசிக்கத் தெரியாதாம்! உவருக்கு எப்பவும் உந்தத் தன்னடக்கம். வாங்கோ, தேத்தண்ணி ஆறுது!"

"உண்மையாத்தான் சொல்லுறன்..."

முன்னினும் பெரிதாய் எழுந்த கையொலியில் அச்சொல் அமிழ்ந்தது. அவரையறியாமலே கைகள் குவிந்து அப்புகழை ஏற்றன. கைதட்டாது நின்றவள் அன்ரனெற் ஒருத்தியே. அவளும் அவர் முகத்தைப் பாராது தலைகுனிந்திருந்தாள்.

தன் பிழையை ஒருமுறை சொல்லிவிடலாம். நம்ப மறுத்துப் புகழும் அவையிடம் அதனையே மீண்டும் சொல்லும் திண்மை அன்று அவர்பால் இல்லை. பின்வந்த எந்நாளிலும், அவர் அதைச் சொல்லித் தீர்க்க அவ்வவை மறுபடி கூடவுமில்லை.