கிணற்றில் கிடைத்த வீரன்

இரண்டு ஆள் ஆழத்தில் மண்வெட்டி இரும்பில் பட்டது. சக்கரபாணி குனிந்து மண்ணைத் தள்ளினான். உருண்டையாக, கறுப்பாக ஒரு தலை தெரிந்தது. மேலிருந்து எட்டிப் பார்த்த அன்னக்கிளி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சற்று நேரத்தில் மஞ்சளும் குங்குமமும் கூடையில் இறங்கின. வேலை நின்றது.

"சாமி தலைமேல நின்னு மண்ணு வெட்ட மாட்டேண்ணே." சக்கரபாணி மேலே ஏறிவிட்டான். அரியாங்குப்பத்தில் கிணறு வெட்ட அவனை விட்டால் ஆள் இல்லை.

அன்னக்கிளியின் புருஷன் பாவாடை கத்தரி நாற்றைப் பார்த்தான். 1957, சித்திரை மாதம். பழைய கிணறு உப்பாகிவிட்டது. நாற்று இன்னும் நாலு நாள்தான் தாங்கும்.

"அது சாமி இல்லடி. இரும்பு."

"இரும்புல சாமி இருக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

பாவாடை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரிக்குப் போனான். அங்கே நகராட்சியில் எழுத்தராக இருந்த, எல்லோரும் மரியாதையாக 'முசே' என்று கூப்பிடும் பிரான்சுவா வீட்டுக்கு அவன்தான் கத்தரிக்காய் கொடுப்பவன். ஒரு கூடைக் காயைப் பொறுக்கி எடுப்பதற்குள் அவர் பழைய சண்டை ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார். அது இன்று உதவும் என்று தோன்றியது.

கூடவே வந்த பிரான்சுவா சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கயிற்றைப் பிடித்து இறங்கினார். கீழிருந்து சிரிப்பு வந்தது.

"பீரங்கிக் குண்டுய்யா! ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்தெட்டு. இங்கிலீஷ்காரன் கப்பல்ல வந்து எறங்கி, இந்த ஊரு கோட்டையத்தான் மொதல்ல அடிச்சான்."

"கேட்டியா?" என்றான் பாவாடை.

அன்னக்கிளி கிணற்றுக்குள் குனிந்தாள். "அப்போ இங்க யாராச்சும் செத்தாங்களா முசே?"

"செத்தாங்களாவா? கோட்டையில வெடிமருந்து தீப்பிடிச்சிக்கிச்சி. செத்தவன், வெந்தவன்னு நூறு பேருக்குக் கிட்ட. அதுல நம்ம சிப்பாயிங்களும் இருந்திருப்பாங்க."

பாவாடை கண்ணை மூடிக்கொண்டான்.

"சண்டையில செத்தவன் வீரன்," என்றாள் அன்னக்கிளி. "நான் லிங்கம்னு நெனச்சிட்டேன் சக்கரபாணி. இது வீரன்."

"லிங்கம்னாலும் பரவால்ல அண்ணி. வீரன் கோவக்காரன்."

பிரான்சுவா மேலே வந்தார். "ஒத்தாசைக்குக் கூப்ட்டா உபத்திரவம் பண்றீங்களே முசே," என்றான் பாவாடை. அவர் காதில் விழவில்லை. "இத நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போவட்டா? மேச மேல வச்சா..."

"சாமியவா?"

அன்னக்கிளியின் முகத்தைப் பார்த்து அவர் சப்பாத்தை மாட்டிக்கொள்ளக் குனிந்தார்.

பாவாடை வரப்பில் உட்கார்ந்து யோசித்தான். பிறகு கேட்டான்.

"வீரனுக்கு எடம் எது?"

"ஊரு எல்ல," என்றாள் அன்னக்கிளி.

"அப்போ கெணத்துக்குள்ள அவனுக்கு என்னா வேல? இருநூறு வருசமா மூச்சு முட்டிக் கெடக்கிறான்."

அன்னக்கிளிக்கு அது நியாயமாகப் பட்டது. ஆனால் வீரன் சம்மதிக்க வேண்டும். ஓர் இலையில் மல்லிகையும் ஓர் இலையில் சிவப்பு அரளியும் வைத்து மடித்துக் கட்டினாள். வெள்ளை வந்தால் எல்லைக்கு வருவான். சிவப்பு வந்தால் இருந்த இடத்திலேயே இருப்பான். கிணற்றை மூட வேண்டியதுதான்.

"யாரு எடுக்கிறது?" என்றான் பாவாடை.

"முசே எடுக்கட்டும்," என்றான் சக்கரபாணி. "அவருக்கு நம்ம வீரனும் வேணாம், கெணறும் வேணாம்."

பிரான்சுவா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். மல்லிகை.

குண்டை மூன்று பேர் மாற்றி மாற்றிச் சுமந்து எல்லை வேம்படியில் இறக்கினார்கள். தேங்காய் உடைக்கும்போது அன்னக்கிளி வீரனின் பெயரைக் கேட்டாள்.

"கப்பித்தான்மாருங்க பேரெல்லாம் சொல்லுவேன்," என்றார் பிரான்சுவா. "சிப்பாயிங்க பேரு நான் படிச்ச எந்தப் புஸ்தகத்துலயும் இல்லம்மா."

"போவட்டும். குண்டுவீரன்."

மறுநாள் காலை சக்கரபாணி இன்னொரு குண்டைத் தோண்டினான். யாரையும் கூப்பிடாமல் சாக்கில் சுற்றி மேலே அனுப்பினான். அன்னக்கிளி கூழ் எடுத்து வருவதற்குள் பாவாடை அதைக் கேரியரில் கட்டி, முசே வீட்டில் கொடுத்துவிட்டு வந்தான்.

மத்தியானம் வடக்குப் பக்க மண்ணில் தண்ணீர் கசிந்தது. சக்கரபாணி ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தான்.

"அண்ணே! தித்திப்பு!"

பாவாடை நாற்றங்காலுக்கு முதல் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் இருந்தது. நாற்றுக்கு அது போதும்.