ஹீட்டர் குழாயில் ஒரு சாண்

அக்கா வீட்டு ஷெட்டில் நின்ற தன் பழைய காரில், இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குச் சுடுதண்ணீர் கொண்டுபோகும் ரப்பர் குழாயைத் தம்பி தாராளமாக வளைத்துப் பொருத்தியிருந்தான். அக்கா புருஷன் உதட்டைப் பிதுக்கினார்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறியேடா!"

சொன்னதோடு நிற்காமல் ஒரு சாண் வெட்டியெறிந்து, குழாயை விறைப்பாக இழுத்து மாட்டினார். சகலகலா வல்லவரிடம் யார் வாதாடுவது?

"இப்ப முடுக்குடா!" என்று இன்ஜின்மேல் குனிந்தார்.

தம்பி ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தான். இன்ஜின் குலுங்கியது. குழாய் பிய்த்துக்கொண்டு அவர் முகத்தில் பீய்ச்சியது. நல்லவேளை, தண்ணீர் இன்னும் சூடாகவில்லை.

"என்னடா இப்படி ஆடுது?"

"இன்ஜின்னா ஆடும் மாமா. அதுக்குத்தான் வளைச்சு விட்டேன்."

அக்கா துண்டோடு வந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"போன வாரம் வாஷிங் மெஷின் குழாயை வெட்டினாருடா," என்றாள்.