முதல் பச்சை

வரைபடத்தில் முதன்முதலாகப் பச்சையானது தனுஜா பிறந்த தேயிலைத் தோட்டம்தான். அந்தப் பெருமை அவளுக்கு இரண்டு நாள்தான் நிலைத்தது.

புயல் மழை கொட்டித் தீர்த்து, ஊவா மலைகள் அங்கங்கே சரிந்து, பாதைகள் துண்டு துண்டாகக் கிடந்த வாரம் அது. தனுஜா பதுளை டவுனில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவள். வங்கிக்காரர்களின் செயலியில் பட்டனை இடமிருந்து வலமாக நகர்த்துவதும், அடுத்த மாதம் அதையே வலமிருந்து இடமாக நகர்த்துவதும்தான் பிழைப்பு. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லி நழுவிவிடுவாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவளுக்கே தெரியாது.

பதுளையில் அவளைப் போன்றவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. மாதம் ஒருமுறை ஒரு பேக்கரியின் மாடியில் கூடி, ஏஐ வந்து யாருடைய வேலையை முதலில் விழுங்கும் என்று பேசி, ரோல்ஸ் தின்று கலைகிற கூட்டம். குழுவை நடத்தியவன் மதுரன். தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து இங்கேயே வீடு கட்டியவர். மழை விட்ட அன்று காலை மதுரன்தான் குழுவில் எழுதினான்: நாம் வாயால் மட்டும்தான் வேலை செய்வோமா?

ரோஷம் வந்துவிட்டது. சாயந்திரத்துக்குள் ஒரு வரைபடம் தயார். போனில் இணைப்பைத் திறந்தால் ஒரே கேள்வி: நீங்கள் நலமா? கீழே இரண்டு பட்டன். "நலம்" என்றால் அந்த இடம் பச்சை. "உதவி தேவை" என்றால் சிவப்பு. நிவாரணச் சாமான் ஏற்றிய லொறிகள் சிவப்பைப் பார்த்துப் போகும். நிறம் பூசுகிற பகுதி தனுஜாவின் பங்கு. ஏஐயிடம் கேட்டாள், அது எழுதித் தந்தது, அவள் வாசித்துப் பார்த்துச் சரி என்றாள். ஓர் இடத்திலிருந்து கடைசியாக வந்த பதில் எதுவோ அதுவே அந்த இடத்தின் நிறம். எளிமையாக, அழகாக இருந்தது.

பரீட்சித்துப் பார்க்க முதல் இணைப்பை அம்மாவுக்குத்தான் அனுப்பினாள். அம்மா விஜயலெட்சுமி மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மேல் டிவிஷனில் கொழுந்து பறிக்கிறவள். மாரியம்மன் கோயில் வாசலில் நின்றால் மட்டும் அங்கே கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். சற்று நேரத்தில் வெற்று வரைபடத்தில் ஒரு பச்சை பூத்தது. தனுஜா அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டாள். "முதல் பச்சை" என்று எல்லாரும் இதயம் இதயமாகப் பொழிந்தார்கள். அதற்குப் பிறகு டவர் செத்துப்போய், அம்மாவின் போன் எடுபடவேயில்லை.

பயமாகத்தான் இருந்தது. பயம் வரும்போதெல்லாம் வரைபடத்தைத் திறந்து பச்சையைப் பார்ப்பாள், நெஞ்சு அடங்கும். அறையைப் பகிர்ந்துகொண்ட பஹ்மா விசாரித்தபோதும், "எங்க தோட்டம் பச்சதான்" என்று திரையைத் திருப்பிக் காட்டினாள். எந்த வரி அந்தப் பச்சையைப் பூசுகிறது என்று அவளுக்கு மனப்பாடம். தெரிந்தும் அதை நம்பிக்கொண்டிருந்தாள். அம்மன் படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றே சொல்லலாம்.

மூன்றாம் நாள் கணபதி வந்தான். அம்மாவின் லயத்தில், அதே வீட்டு வரிசையில், நாலு காம்பரா தள்ளிக் குடியிருக்கிறவன். சாரம் முழங்கால் வரை சேறு காய்ந்து விறைத்திருந்தது. உட்காரச் சொன்னால் கட்டில் அழுக்காகிவிடும் என்று நின்றுகொண்டான். அவன் தங்கச்சி ஜீவராணிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டதாம். கம்பளியைக் கம்பில் கட்டி, ஆம்பளைகள் மாற்றி மாற்றித் தூக்கி, சேறான ரோட்டில் கீழ் டிவிஷன் வரை இறக்கி, அங்கிருந்து டிராக்டரில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்களாம். பெண் குழந்தை. தாய் பிழைத்துவிட்டாள். குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது.

"லொறி ஒண்ணு கீழ் டிவிசன் வரைக்கும் வந்துச்சு புள்ள. மேல புள்ளத்தாச்சி இருக்கு, வாங்கன்னு கூப்புட்டோம். போனப் பாத்துட்டு, மேல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னு காட்டுது, மொதல்ல செவப்புக்குப் போகணும்னு போய்ட்டாங்க. யாரு அப்புடி சொன்னாங்கன்னு தெரியல."

தனுஜாவுக்குத் தெரியும். அம்மாவைப் பற்றிக் கேட்டாள். கோயிலில் இருக்கிறாள், சுகம்தான், காம்பராவுக்குள் மண் இறங்கிவிட்டது என்றான். எப்போது இறங்கியது என்று கேட்டாள்.

"மழ விடுறதுக்கு முந்துன நாளே."

அப்படியென்றால் அம்மா அந்தப் பட்டனை அழுத்தியபோது வீடு ஏற்கெனவே மண்ணுக்குள். கோயில் வாசலில் ஈரச் சேலையோடு நின்று, மகள் கேட்டாள் என்பதற்காக "நலம்" என்று அழுத்தியிருக்கிறாள். அந்த ஒரு விரல் அத்தனை குடும்பத்தையும் பச்சையாக்கிவிட்டது. தனுஜாவுக்கு அம்மா மேல் ஆத்திரம் பொங்கியது. மறுகணம் யார் மேல் ஆத்திரப்படுவதென்றே புரியாமல் போயிற்று. அழுத்தியது அம்மா. பூசியது நிரல். எழுதியது ஏஐ. சரி என்றது இவள். லொறிப் பையன்களோ சொன்னதைத்தான் செய்தார்கள். ஆள் ஆளுக்குத் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, ஒரு குழந்தையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

கணபதி போனதும் முதல் காரியமாக மேல் டிவிஷனைக் கையாலேயே சிவப்பாக்கினாள். பிறகு குழுவைத் திறந்தால் அங்கே கல்யாண வீடு. மதுரன் லிங்க்ட்இன்னில் பதிவு போட்டிருந்தான்: பதுளை இளைஞர்கள், ஒரே நாளில், தொழில்நுட்பம், மனிதநேயம். படமாக அவளுடைய முதல் பச்சை. கொழும்பிலிருந்து அவளுடைய மேனேஜர் கைதட்டி, அடுத்த வாரம் கம்பனிக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தார். கூட்டத்துக்கு என்ன உடுத்துவது என்று ஒரு நொடி யோசித்துவிட்டு, அப்படி யோசித்ததற்காகத் தன் மீதே அருவருப்புக் கொண்டாள்.

மதுரனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னாள். அவன் பொறுமையாகத்தான் கேட்டான். கெட்டவன் அல்ல, அவனும் தூங்கி நாளாகிறது.

"கோட்ல பிழை இல்லை தனுஜா. ஆக்கள் பிழையாய் அமத்தினால் நாங்கள் என்ன செய்யிறது?"

"அந்த ஆளு எங்கம்மா."

பதிவை எடுத்துவிடுகிறேன் என்றான் மதுரன். ஆனால் பச்சையை எல்லாம் சந்தேகப்பட்டால் லொறிகள் எந்தப் பக்கம் போகும் என்றும் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரே பதிலை வைத்துப் பச்சை பூசாதே என்று நிரலை மாற்றலாம். பத்துப் பேர் பதில் சொன்னால்தான் பச்சை என்று வைக்கலாம். ஆனால் அந்தப் பத்துப் பேரும் அவள் அம்மாவைப் போன்றவர்களாக இருந்தால்? இவ்வளவு வருஷம் படித்து, இத்தனை கூட்டத்தில் ரோல்ஸ் தின்று, மனிதரிடம் எப்படிச் சுகம் விசாரிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த நாள் மேல் டிவிஷனுக்கு லொறி போனது. அதற்கு மறுநாள் மத்தியானம் டவர் உயிர் பெற்று, அம்மாவின் பெயர் போனில் மின்னியது. தனுஜா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கோம் பாப்பா. ஒரு கொறையும் இல்ல."

பின்னால் ஒரு பிள்ளை இருமிக்கொண்டே இருந்தது. மழை மறுபடி தகரத்தில் விழுகிற சத்தமும் கேட்டது. வீடே இல்லை, பிறகு என்ன நல்லா இருக்கோம் என்று தனுஜா வெடித்தாள். அன்றைக்கு ஏன் அப்படி அழுத்தினாய் என்று கேட்டாள்.

"நீ தனியா கெடக்குற. மண்ணு வந்துருச்சுன்னா நீ அந்த ஒடஞ்ச ரோட்டுலயே கெளம்பி வந்துருவ. வேற என்னத்த அமுத்துறது?" என்றாள் அம்மா. அந்தப் பட்டனால்தான் லொறி வராமல் போனது என்று அவளுக்கு இன்னும் தெரியாது. தனுஜாவும் சொல்லவில்லை.

பிறகு அம்மா கேட்டாள்: "நீ எப்படிம்மா இருக்க?"

"நல்லா இருக்கேம்மா."

யோசிக்காமலேயே வந்துவிட்டது. சொன்ன வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

"போனை பஹ்மாகிட்ட குடு" என்றாள் அம்மா.

பஹ்மா அடுத்த கட்டிலில் இருந்து எழுந்து வந்து போனை வாங்கினாள். தனுஜாவை ஒரு தரம் பார்த்தாள். "அவ ஒழுங்கா சாப்பிட்டு ரெண்டு நாளாகுது ஆன்டி," என்று தொடங்கி, ராத்திரி அழுததையும், குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசல் வரை போய் உள்ளே போகாமல் திரும்பியதையும் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அம்மா உம் கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

தனுஜா மடிக்கணினியை இழுத்துத் திறந்தாள். "நீங்கள் நலமா?" என்ற கேள்வியை அழித்தாள். அந்த இடத்தில், "பக்கத்து வீட்டில் எப்படி இருக்கிறார்கள்?" என்று தட்டினாள். இதுவாவது சரிவருமா என்று அவளுக்குத் தெரியவில்லை. பஹ்மா இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள்.