கேட்டவர், பார்த்தவர்

வண்டி இன்னும் மூன்றாவது சிக்னலைத் தாண்டவில்லை என்று டிரைவர் போனில் நான்காம் முறையாகச் சொன்னபோது மகளுக்குக் கோபம்கூட வரவில்லை.

“ஊரே பழைய ஏரோப்ளேன் பார்க்கக் கிளம்பிடுச்சும்மா. நான் என்ன பறந்தா வர முடியும்?” என்றார் அவர். சாவு வீட்டோடு பேசுகிறோம் என்பது பிறகுதான் உறைத்திருக்க வேண்டும். “கோவிச்சுக்காதீங்க” என்று முனகிவிட்டுப் போனை வைத்தார்.

இரண்டு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு. இப்போது மூன்றரை. முன்னறையில் பெட்டிக்குள் அப்பா சாம்பல் நிறக் கோட்டோடு படுத்திருந்தார். இன்றைய விமானக் காட்சிக்குப் போட்டுக்கொள்வதற்காகப் போன வாரமே இஸ்திரி போட்டு அவரே கதவில் மாட்டி வைத்திருந்த கோட்டு அது. இரண்டாவது மாரடைப்புக்குப் பிறகு படியேறவே கூடாது என்று சொல்லியிருந்த டாக்டரை ஒரு மாதம் நச்சரித்து, சக்கர நாற்காலியில் மைதானம் வரை போய்வர அனுமதி வாங்கியிருந்தார். ஒரு நாள் முந்திக்கொண்டார்.

“வீட்டுல ஒரு கிழவி இருக்கேன். இன்னொரு கிழவியைத் தேடி மாடிக்குப் போனாரு” என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை, பெட்டியிடம்தான் சொன்னாள். “என்னை ஒரு நாளாவது அப்படி அண்ணாந்து பார்த்திருப்பாரா, கேளு.”

கிழவி என்பது விமானம். எண்பது வருஷத்துக்கு முந்தைய, இரண்டு எஞ்சின் வைத்த தபால் விமானம். அந்த வகையில் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். துருப்பிடித்துக் கிடந்ததை யாரோ சில பைத்தியக்காரர்கள் பதினோரு வருஷம் மெனக்கெட்டுப் பறக்க வைத்திருந்தார்கள். அந்தப் பதினோரு வருஷமும் இந்த ஊரில் நான்கு பைத்தியக்காரர்கள் அதற்காகக் காத்திருந்தார்கள்.

அதில் மூன்று பேர் இப்போது வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பேக்கரிக்காரரும் தபால்காரரும் சுவரோரமாக. மூன்றாமவர் சற்றுத் தள்ளி, செருப்பைக் கழற்றவும் மனமில்லாமல், உள்ளே வரவும் துணிவில்லாமல். ஊருக்குக் கிழக்கே தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். மோட்டாரைக் கழற்றாமலே, ஓடும் சத்தத்தை வைத்து எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். நண்பர்களுக்கு அவர் ‘காது’. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்த அப்பா ‘கண்’.

அவர்களுக்குள் ஒரு விதி உண்டு. அப்பாவின் நோட்டில் நான்கு கட்டங்கள்: நேரம், விமானம், கேட்டவர், பார்த்தவர். முதலில் காது சத்தம் கேட்டுப் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு கண் பார்த்து ஆமாம் என்று சொல்ல வேண்டும். இரண்டு கட்டமும் நிரம்பினால்தான் கணக்கில் சேரும். கேட்டு மட்டும் எழுதினால் வதந்தி, பார்த்து மட்டும் எழுதினால் வேடிக்கை என்பார் அப்பா. முப்பத்திரண்டு வருஷத்தில் காது ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

காட்சிக்காகக் கிழவி ஊருக்கு வந்து இறங்க வேண்டிய நாள் நேற்று. நான்கு மணிக்குக் காது தன் பட்டறையிலிருந்து போன் செய்தார். விமானத் தளத்துக்குப் போகிற எதுவும் பட்டறையைத் தாண்டி இரண்டு நிமிஷத்தில் இந்த வீட்டின் மேல் வரும். மகள் அப்போது கடையில் ஒருவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தாள். அம்மாதான் போனை எடுத்து அப்பாவிடம் கொடுத்திருக்கிறாள். “வருது” என்ற ஒரு சொல்லைத் தவிர காது வேறு எதுவும் பேசவில்லையாம். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வருவதற்குள் கட்டில் காலியாக இருந்தது. குளியலறையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுக்களைக்கே திரும்பிவிட்டாள்.

ஐந்தரைக்கு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்குப் போன மகள்தான் பார்த்தாள். போர்வைகளுக்கு நடுவே பழைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பென்சிலை எடுக்க முடிந்தது.

நோட்டு அவள் கைப்பையில் இருந்தது. கடைசி வரியை அவள் படித்துவிட்டாள். யாரிடமும் காட்டவில்லை.

காது மெல்ல அவளிடம் வந்தார். இரவு முழுக்கத் தூங்காத முகம்.

“பாப்பா, கிழவி நேத்து ஆறு மணிக்கு மேலதான் வந்து இறங்குச்சாம். வடக்கால சுத்திக்கிட்டு. காலையில பேப்பர்ல போட்டிருக்கான்.”

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“அப்ப நான் கேட்டது எது?”

“என்கிட்ட ஏன் மாமா கேக்கறீங்க?”

“அவன் பார்த்தானா? நோட்டுல ஏதாவது எழுதியிருக்கானா? அது மட்டும் தெரிஞ்சா போதும்.”

“நோட்டு கிடைக்கலை” என்றாள்.

பொய் அவள் நாக்கில் இடறவே இல்லை. இந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பா இந்நேரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தில் பைனாகுலரோடு, தள்ளுகிறவர்களை எல்லாம் விரட்டிக்கொண்டிருந்திருப்பார். இவர் பட வேண்டியதைப் படட்டும் என்று அவளுக்கு இருந்தது. ஆனால் அந்த வெறுப்பின் அடியில் இன்னொன்றும் இருந்தது. மாடிக் கதவின் சாவி எப்போதும் அவள் இடுப்பில்தான் இருக்கும். நேற்று காலை துணி காயப்போட்டுவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டதென்று, பூட்டாமல் இறங்கியிருந்தாள். இதை அம்மா கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்தால் நன்றாக இருக்கும் என்று இரவெல்லாம் நினைத்தாள்.

வண்டி வந்தபோது மணி நான்கே கால். டிரைவர் யார் முகத்தையும் பார்க்காமல் பின்கதவைத் திறந்தார். பெட்டி ஏறியது. அம்மா வாசலோடு நின்றுகொண்டாள். “பத்திரமாப் போயிட்டு வா” என்று யாருக்கோ சொன்னாள்.

மயானம் ஊருக்கு வெளியே, விமானத் தளத்துச் சாலையிலேயே இருந்தது. பாதி வழியில் எல்லா வண்டிகளும் அசையாமல் நின்றன. பக்கத்துக் கார்களில் இருந்தவர்கள் தொப்பி போட்டிருந்தார்கள், மடக்கு நாற்காலி வைத்திருந்தார்கள், சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் வண்டியின் கண்ணாடி வழியே பெட்டியைப் பார்த்துவிட்டுத் தின்பதை நிறுத்தினார். தூரத்தில் ஒலிபெருக்கியில் யாரோ வேடிக்கையாக ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது.

மயானத்து வாசலில் இறங்கிப் பெட்டியைத் தோளில் ஏற்றினார்கள். முன்னால் காதும் பேக்கரிக்காரரும். பின்னால் தபால்காரரும் டிரைவரும். ஆள் போதாததால் டிரைவர் தானாகவே வந்து தோள் கொடுத்தார். நேற்று ராத்திரி பெய்த மழையில் பாதை சேறாக இருந்தது. ஆளுக்கு ஆள் காலடியையே பார்த்து நடந்தார்கள்.

பாதி தூரத்தில் காதின் தலை லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. பின்னால் வந்துகொண்டிருந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை பார்த்த சாய்வு. அடுத்த நொடி “வருது” என்பார், அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எழுந்திருப்பார். காது எதுவும் சொல்லவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சேற்றில் காலை வைத்தார்.

பிறகு எல்லோருக்கும் கேட்டது. கனமான, நிதானமான உறுமல். மரங்களுக்கு மேலே மிகத் தாழ்வாக வந்தது. பெட்டியின் மூடி மேல் ஒரு நிழல் ஏறி இறங்கியது. மூடியில் அடித்திருந்த ஆணிகள் அதிர்ந்ததைக்கூட அவள் பார்த்தாள். தோளில் பாரம் இருந்தவர்கள் நிமிரவில்லை. அவள் காதின் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் தேய்ந்து, மைதானத்துப் பக்கம் கைதட்டல் எழுந்தது.

குழியருகே பெட்டியை இறக்கி வைத்தார்கள். காது தோளைத் தடவிக்கொண்டு தனியாகப் போய் நின்றார். அவள் பக்கத்தில் போனாள்.

“அதுதானா மாமா?”

“தெரியலைம்மா.” அவர் அவளைப் பார்க்காமலே சொன்னார். “நேத்தும் இதே மாதிரிதான் கேட்டுச்சு.”

முப்பத்திரண்டு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அப்படியொரு பதிலை அவள் கேட்டதில்லை. கைப்பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். அப்பாவின் கண்ணாடியையும் சேர்த்து நீட்டினாள். இருவருக்கும் ஒரே பவர் என்று அவளுக்குத் தெரியும். இரண்டையும் சோதித்துக் கொடுத்தவள் அவள்தான்.

“மாடிக் கதவை நான்தான் மாமா பூட்டலை” என்றாள். “இதையும் தெரிஞ்சுக்கங்க.”

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கத்தைத் திறந்தார். எழுத்து கொஞ்சம் கோணலாக, ஆனால் தெளிவாக இருந்தது.

நேரம்: நான்கு மணி மூன்று நிமிஷம். விமானம்: வயலுக்கு மருந்து தெளிக்கிற மஞ்சள் சின்ன விமானம், இரண்டு, ஜோடியாக. கேட்டவர்: காது. பார்த்தவர்: கண். அதற்குக் கீழே, கட்டங்களைத் தாண்டி எழுதியிருந்தார்: ‘ரெண்டு ஒத்தை எஞ்சினை ஒரு ரெட்டை எஞ்சின்னு நினைச்சிருக்கான். காதுக்கு வயசாயிடுச்சு. நாளைக்குச் சொல்லிச் சிரிக்கணும்.’

காது அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். குழிக்காரர் ஆரம்பிக்கலாமா என்று கேட்டதற்குத் தபால்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நாளைக்குன்னு எழுதியிருக்கான்” என்றார் காது.

“ஆமா மாமா.”

“நாளைக்குன்னா இன்னைக்குத்தான்.”

அவருடைய வாய் கோணியது. அவள் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தாள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். புதிய வரியில் நேரத்தை எழுதினார். கொஞ்சம் தயங்கிவிட்டு, கிழவி என்று எழுதினார். மூன்றாவது கட்டத்தில் காது என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து பேக்கரிக்காரரைப் பார்த்தார், தபால்காரரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“யாராவது பார்த்தீங்களா?”

பேக்கரிக்காரர் தன் செருப்பிலிருந்த சேற்றைப் பார்த்தார்.

அவர் நான்காவது கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மடித்து அவளிடம் கொடுத்தார். பிறகு குழிக்காரரிடமிருந்து கயிற்றின் ஒரு முனையை வாங்கிக்கொண்டார்.