பிரிக்கக்கூடாத உறை

செல்வமலர் லாசாலில் பொதியிடும் ஆலையில் வேலை முடித்து, பஸ்ஸும் மெற்றோ ரயிலுமாக வில்லரேயிலுள்ள வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, சாப்பாட்டு மேசையில் அவளுடைய புள்ளிப் பட்டியல் பளபளத்துக்கொண்டு கிடந்தது. பிளாஸ்டிக் ஒட்டினால் பளபளக்கத்தானே செய்யும்.

"காலமை அம்புறோஸ் கொண்டுவந்து தந்தவர்," என்றார் கணவர் தியாகராசா. "உடனே குணரத்தினத்தின்ரை கடைக்குக் கொண்டுபோய் லமினேற் பண்ணிப்போட்டன். இனித் தண்ணி பட்டாலும் ஒண்டும் செய்யாது."

அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"உறை எங்கை?"

"எந்த உறை?"

"இது வந்த உறை. பின்பக்கம் முத்திரை குத்தி ஒட்டியிருந்தது."

"அது கிழிஞ்சுபோச்சு. குப்பைவாளிக்குள்ளை கிடக்கு. ஏன், அதுக்குள்ளை வேறை ஏதும் இருந்ததோ?"

செல்வமலர் கதிரையில் இருந்தாள். அந்த உறைக்காக அவள் எழுதிய கடிதங்கள் நாலு. யாழ்ப்பாணத்தில் வணிகவியல் இரண்டு வருடம் படித்து, 1990இல் சண்டையோடு விட்டவள். இங்கே மொன்ட்ரியாலில் ஒரு பல்கலைக்கழகம் அந்தப் படிப்பில் பத்துப் பாடங்களை ஏற்றுக்கொள்ளுமாம். ஒரு வருடப் படிப்பும் அதற்கான கட்டணமும் மிச்சம். மீதியை மாலை வகுப்பில் முடித்துவிட்டால், இவ்வளவு காலம் பெட்டி மடித்த அதே ஆலையின் கணக்குப் பகுதிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே பட்டம் இல்லாதவரை எடுக்கமாட்டார்கள்.

முதலில் கையிலிருந்த பழைய பட்டியலைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதையும் இந்த மனிதர் கொழும்பிலேயே லமினேற் செய்திருந்தார். பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகப் பெண் அதை வெளிச்சத்தில் பிடித்து, முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, பிளாஸ்டிக்குக்குக் கீழே இருப்பது மூலமா நகலா என்று சொல்லமுடியாது என்றாள். ஊரிலிருந்து புதிதாக, ஒட்டி முத்திரையிட்ட உறையில் வரவேண்டும். உறை பிரிந்திருந்தால் செல்லாது. மச்சாள் ஒருத்தி மூன்று மாதம் அலைந்து எடுத்தாள். எடுத்த கையோடு ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான ஒரே தரைவழியான ஏ9 பாதையும் மூடியாயிற்று. உறை கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கே போய்த் திரும்பிய அம்புறோஸின் பயணப்பையில் வந்தது. விண்ணப்பத்தை ஒப்படைக்கக் கடைசி நாள் நவம்பர் பதினைந்து. இன்று பதின்மூன்று.

"நான் சொன்னனான் எல்லோ, வந்தால் தொடவேண்டாமெண்டு."

"நீர் காயிதத்தைத் தொடவேண்டாமெண்டு சொன்னீர். அதுதான் தொடாமல் பாதுகாத்தனான்."

"இஞ்சருங்கோ, பிள்ளையின்ரை தடுப்பூசி அட்டையையும் இப்பிடித்தான் பாதுகாத்தனீங்கள். அடுத்த ஊசியை எங்கை எழுதுறது எண்டு நேர்ஸ் கேட்டவள்."

"அட்டை இண்டைக்கும் புதுசு மாதிரி இருக்கு," என்றார் அவர், ஆனால் குரலில் தெம்பு இல்லை.

அவர் பட்டியலை எடுத்து அதன் விளிம்பைத் தடவினார். பிறகு அவரே சொன்னார்: "ஊரை விட்டு வெளிக்கிட்டுக் கிளாலிக் கடல் தாண்டேக்கை என்ரை சேட்டிபிக்கற் எல்லாம் கூழாப் போச்சு மலர். உம்மடை மட்டும் பொலித்தீன் பையிலை தப்பினது. அதுக்குப் பிறகு வெறுங்காயிதத்தைக் கண்டால் எனக்கு நித்திரை வாறேல்லை."

அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் முழுக் கோபத்தையும் கொட்ட முடியவில்லை. அது வேறு எரிச்சலாக இருந்தது. உறையின் இரண்டு துண்டுகளையும் வாளியிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த வெங்காயத்தோலைத் தட்டினாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, பட்டியலையும் துண்டுகளையும் பதிவாளர் அலுவலக மேசையில் வைத்தாள். அந்தப் பெண் பிளாஸ்டிக்கைப் பார்த்தாள், செல்வமலரைப் பார்த்தாள், மறுபடியும் பிளாஸ்டிக்கைப் பார்த்தாள்.

"இதுவுமா?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள் செல்வமலர்.

அந்தப் பெண் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். போன தடவையும் எடுத்துக் காட்டிய படிவந்தான். பாடம் தெரியும் என்றால் வகுப்புக்கு வராமலே தேர்வு எழுதிக் காட்டலாம். ஒரு தவணைக்கு நாலு பாடம். கட்டணம் பாடக் கட்டணத்தில் ஐந்தில் ஒன்று. இதற்கும் நாளைதான் கடைசி நாள். போன தடவை செல்வமலர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். தேர்வு எழுதிப் பதினாறு வருடம். உறை வந்தால் யாரும் அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கப்போவதில்லை. அதனால்தான் உறையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நாலு பாடத்துக்குப் பேர் எழுதினாள்.

டிசம்பர் முழுக்க பஸ்ஸில் புள்ளிவிபரவியல் படித்தாள். பஸ்ஸில் புரியாதது வீட்டிலும் புரியவில்லை. தியாகராசா சமைத்தார், கறியில் உப்பு ஒருநாள் கூடும், ஒருநாள் இருக்காது. அவள் குறை சொல்லவில்லை, ஏனென்றால் அவளுடைய கோபம் இன்னும் உறையிலேயே நின்றது. ஜனவரியில் நாலு தேர்வையும் எழுதினாள்.

பெப்ரவரியில் ஒருநாள் வேலையால் வந்தபோது, மேசை நடுவில் ஒரு கடித உறை கிடந்தது. அதன்மேல் ஒரு தேநீர்க் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. தியாகராசா எதிரே இருந்தார்.

"ஆர் கோப்பை வைச்சது?"

"நான்தான். தபால்காரன் தந்த நேரம் தொட்டு இப்பிடியே கிடக்கு. நான் தொடேல்லை."

அவள் பிரித்தாள். மூன்று பாடத்தில் சித்தி. புள்ளிவிபரவியலில் இரண்டு புள்ளியால் தவறியிருந்தது.

"பிழைச்சதைத் திரும்ப எழுதலாமோ?"

"கோடைக்கு எழுதலாம். அதோடை இன்னும் ஆறு கிடக்கு."

அவள் கோட்டைக் கழற்றாமலே தெருமுனையிலிருந்த டெப்பனர் என்ற சின்னக் கடைக்குப் போய், முடிவுத்தாளை நகல் எடுத்துக்கொண்டு வந்தாள். மூலத்தைத் தன் கைப்பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினாள். நகலை மேசையில் அவர் பக்கமாகத் தள்ளினாள்.

"இதை வேணுமெண்டால் கொண்டுபோங்கோ."

தியாகராசா சப்பாத்தைத் தேடினார். குணரத்தினம் ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிவிடுவான்.