கடைசியாக எசக்கி சொன்னது

பானுப்பிரியாவுக்கு மேடையில் 'பானு 117' என்று பேர். ராஜபாளையம் பின்கோடின் கடைசி மூன்று எண்கள். கறுப்புச் சட்டையும் ஒட்ட வெட்டிய முடியுமாக அவள் மைக்கைப் பிடித்துவிட்டால் முன்வரிசையில் நிற்கிற பையன்களே ஒரு எட்டுப் பின்னால் போவார்கள். அவளுடைய ராப்பில் காதல் வராது. கெட்ட வார்த்தை தாராளமாக வரும். "கண்ணால பார்த்தத மட்டுந்தான் பாடுவேன்" என்று பேட்டிக்குப் பேட்டி சொன்னாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் ஒரு நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மம்சாபுரத்திலிருந்து மில் பஸ்ஸில் வந்துபோகிற இசக்கியம்மாள் அவளுக்கு உயிர்த்தோழி. எல்லோருக்கும் எசக்கி. மெஷின் ஓடுகிற தாளத்துக்கு பானு வார்த்தைகளை அடுக்குவாள். எசக்கி டப்பாவில் தட்டுவாள். சூப்பர்வைசரை வைது பாடினால் மட்டும் பயந்துபோய் பானுவின் வாயைப் பொத்துவாள்.

ஒருநாள் பானு இரண்டாம் ஷிப்டுக்கு உள்ளே நுழைந்தபோது தரை ஈரமாகக் கிடந்தது. கழுவிவிட்டிருந்தார்கள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஷிப்டில் எசக்கியின் முடி மெஷினில் சிக்கி இழுத்துவிட்டது, அங்கேயே உயிர் போய்விட்டது என்று இரண்டாம் ஷிப்டுக்காரி ஒருத்தி காதோடு சொன்னாள். தொப்பி போடாதது அவள் தப்பு என்று நிர்வாகம் எழுதி முடித்தது. மெஷினுக்கு மேல்மூடி இல்லாமல் ஆறு மாதமாக ஓட்டியதை யாரும் எழுதவில்லை.

அந்த வாரத்தில் பானு எழுதியதுதான் 'எந்திரி'. ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருந்த வினோத், சுவரில் போர்வைகளைத் தொங்கவிட்டு அதைப் பதிவு செய்தான். மெஷின் சத்தத்தையே பீட்டாக மாற்றினான்.

பஞ்சு பறக்கு, நெஞ்சு அடைக்கு,
பகலும் ராவும் மெசினு குலைக்கு.
தரையக் கழுவித் தண்ணி வடிச்சே,
எசக்கி ரத்தம் எங்கலே ஒளிச்சே?
எந்திரி எசக்கி, எந்திரி!

நடுவில் ஓர் இடத்தில் பீட் மொத்தமாக நின்றுபோகும். பானு மட்டும் தணிந்த குரலில் சொல்வாள்: 'கடைசியா யம்மான்னு ஒரு சத்தம். யாருக்கும் கேக்கல.' அந்த இடத்தில் வினோத் அழுதுவிட்டான்.

மில்லில் அவளை நிறுத்திவிட்டார்கள். பாட்டு ஓடியது. மதுரை, கோயம்புத்தூர், பிறகு சென்னை. ஒரு பெரிய கம்பெனி கையெழுத்து வாங்கியது. அவள் வேறு பாட்டும் எழுதினாள். பஸ்ஸில் இடிக்கிறவனைப் பற்றி, சாதி கேட்டு வாடகை வீடு மறுத்தவனைப் பற்றி. நல்ல பாட்டுகள்தான். கூட்டத்துக்கு மட்டும் 'எந்திரி' ஒன்றே போதுமாக இருந்தது. ஆயிரம் பேர் கையைத் தூக்கிக் குதித்துக்கொண்டு எந்திரி எந்திரி என்று கத்துவார்கள். பிறகு ரீல்ஸ்காரர்கள் கையில் மாட்டியது. தூங்குகிறவன் முகத்தில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி எழுப்புகிற வேடிக்கைக்கு இந்தப் பாட்டைப் போட்டார்கள். முதல் தடவை பார்த்தபோது பானு போனைத் தூக்கி எறிந்தாள். பத்தாவது தடவை வெறுமனே தள்ளிவிட்டாள். அப்படித் தள்ளிவிடப் பழகிவிட்டதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. மம்சாபுரத்துக்கு அவள் போகவே இல்லை.

போன ஆவணியில் வினோத் கூப்பிட்டான். "பானு, எங்க இருக்க? எசக்கியோட அம்மா கடைக்கு வந்திருக்காவ. போன்ல பாட்டு வரமாட்டேங்குன்னு கொண்டாந்தாவ. எந்தப் பாட்டுன்னு கேட்டேன். நம்ம பாட்டு."

அவள் அன்று ராஜபாளையத்தில் வீட்டில்தான் இருந்தாள். பஸ் ஏறி அரை மணி நேரத்தில் போய்விட்டாள். எசக்கியின் அம்மா முத்தாத்தாள் கடை ஸ்டூலில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். களைவெட்டுக்குப் போய்க் கறுத்த கை, மடியில் ஒரு பட்டன் போன். மெமரி கார்டில் ஒரே ஒரு பாட்டு.

"வா தாயி. எளைச்சிட்டியே" என்றாள். வசவு விழும் என்று நினைத்து வந்த பானுவால் அதைத் தாங்கமுடியவில்லை.

"பெரியம்மா, இந்தப் பாட்ட வச்சி ஊரே கூத்தடிக்கு. நீங்க ஏன் இதப் போய்..."

"கூத்த நான் எங்க பார்த்தேன். நான் அந்த ஒத்த எடத்துக்குத்தான் கேக்கேன். யம்மான்னு கூப்பிட்டாள்னு சொல்லுதேல்லா?" முத்தாத்தாள் அவள் கையைப் பிடித்தாள். "உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். அது எம்புட்டு மணிக்கு? நான் அன்னைக்கு மொளகாத் தோட்டத்துல குனிஞ்சி நின்னேன். எனக்கு ஒண்ணுமே தோணலட்டி. பெத்தவளுக்கு நெஞ்சு அடிச்சிருக்கணும்லா? அவ கூப்பிட்ட நேரத்துல நான் என்ன செஞ்சிக்கிட்டு இருந்தேன்?"

வினோத் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தான். சொல்லாதே என்று கண்ணைக் காட்டினான். பானுவுக்கும் ஒரு நிமிடம் பொய்தான் வாயில் வந்தது. பத்தே கால் என்று சொன்னால் போதும். ஆனால் அந்தப் பத்தே காலையும் இந்த அம்மா தினமும் சுமப்பாள் என்று தோன்றியது.

"பெரியம்மா, நான் அங்க இல்ல. என் ஷிப்டு மத்தியானம். அந்த வரி நானா எழுதுனது."

முத்தாத்தாள் கையை எடுக்கவில்லை. "அப்பம் அவ கூப்பிடலையா?" என்றாள்.

"தெரியல."

"தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்லு தாயி."

எசக்கிக்குப் பக்கத்து மெஷினில் நின்றவள் பாண்டிசெல்வி. மறுநாளே பானு தளவாய்புரத்தில் அவள் வீட்டைத் தேடிப் போனாள். பாண்டிசெல்வி வேலையை விட்டுக் கல்யாணமாகி, வீட்டில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தாள். முதலில் பேச மறுத்தாள். "நீ பாடிப் பெரிய ஆளாயிட்ட. நான் மெசின நிறுத்த ஸ்விட்ச அமத்துனவ. எனக்கு இன்னமும் தூக்கம் கிடையாது" என்றாள். பானு எழுந்துபோகாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரத்துக்கு பாண்டிசெல்வி தையலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஒரு சத்தமும் இல்லட்டி. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள. அதுக்குச் செத்த முன்னாடி சிரிச்சிக்கிட்டு நின்னா. எங்கம்மா புளிச்சோத்துல உப்ப அள்ளிக் கொட்டிட்டா, எட்டு செம்பு தண்ணி குடிச்சாச்சின்னா. அம்புட்டுத்தான்."

இதையா போய்ச் சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் பானு மனசுக்குள் மல்லாடினாள். மம்சாபுரத்தில் இறங்கும்வரை முடிவு வரவில்லை. முத்தாத்தாளைப் பார்த்ததும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டாள்.

முத்தாத்தாள் முதலில் தலையை ஆட்டினாள். "கூடித்தான் போச்சி. அவசரத்துல ரெண்டு தடவ போட்டுட்டேன். சாயந்திரம் வந்து வைவான்னு நெனச்சேன்." சொன்னவள் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள். பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றுகூட அவள் வாய்விட்டு அழவில்லை என்று தெருவில் சொல்வார்கள். பானு அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

அடுத்த வாரம் சென்னையில் மேடை. பீட் நின்ற இடத்தில் பானு நின்றுபோனாள். அந்த வரியைச் சொல்லவில்லை. கூட்டம் தானாகவே அதைச் சொன்னது, 'யம்மா' என்று இழுத்து, சிரித்துக்கொண்டு. அவள் மைக்கைக் கீழே வைத்துவிட்டு இறங்கினாள். பாட்டிலைத் தூக்கி எறிந்தார்கள்.

கம்பெனியோடு சண்டை போட்டு 'எந்திரி'யை எடுக்கச் சொன்னாள். அவர்கள் பாட்டையும் எடுத்து அவளையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் வெட்டி ஒட்டிய துண்டுகள் எத்தனை ஆயிரமோ, அவை யார் யார் போனிலோ கிடந்தன. அவற்றை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புதிதாக ஒரு பாட்டுப் போட்டாள். எண்ணூறு பேர் கேட்டார்கள். அதன்பிறகு யாரும் கூப்பிடவில்லை.

இப்போது சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற ஒரு தறிக்கூடத்துக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மம்சாபுரம். போன வாரம் இருவரும் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது முத்தாத்தாள் கேட்டாள்:

"பாட்டே இல்லாம இருக்கியேட்டி. கூடையில வச்ச கோழி மாதிரி இருக்கு ஒம் மொகம்."

"வரட்டும் பெரியம்மா. வரும்போது வரட்டும்."

முத்தாத்தாள் சொத்தை மொச்சையைப் பொறுக்கித் தள்ளிவிட்டு, "ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போ" என்று அடுப்பங்கரைக்குப் போனாள்.